ஒரு வெள்ளி நோட்டு

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மூன்று பேர் இருக்கிறோம்: ஈப்போ சாப்பாட்டுக் கடையிலிருந்து லீவில் வந்த நான், என்னைப் போலவே கடல் தாண்டி வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பி குமார், எங்களை லோரியில் ஏற்றி வந்த, இங்கேயே பிறந்து வளர்ந்த தோட்டத்து மாரியண்ணன்.

கொழுந்து வெட்டும்போது குளவி கொட்டி, குமாருக்கு முகம் வீங்கி மூச்சு இழுக்கிறது. அவனை உள்ளே தூக்கிப் போகிறார்கள். காசு போதாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று என்னால் உட்கார முடியவில்லை.

“பயப்படாதீங்க தம்பி, ஒரு வெள்ளிதான் லா,” என்று மாரியண்ணன் கவுண்டரில் ஒரு ரிங்கிட் நோட்டை வைக்கிறார். அங்கிருக்கும் பெண் குமாரின் பாஸ்போர்ட்டைக் காட்டி மலாயில் ஏதோ சொல்கிறாள்.

அவர் முகம் மாறுகிறது. “வெளிநாட்டுக்காரங்கன்னா நூத்தி இருபதாம். நம்ம பையன்தானேன்னு நெனச்சிட்டேன்.”

என்னிடம் நாற்பதுதான் இருக்கிறது. மீதியை அவரே எடுத்து வைக்கிறார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறக்கிறது. குமார் வீங்கி மூடாத ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, “சாப்டியாண்ணே?” என்கிறான். நான் அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாரியண்ணனுக்குத் தரவேண்டியது எண்பது வெள்ளி.