கதவு வைத்த ஒரே அறை

என் அக்காவின் கணவர் பேர்பெற்ற கட்டடக் கலைஞர். வீட்டுக்குள் அறைக்கு அறை கதவு வைப்பது மனிதர்களைப் பிரித்துவிடும் என்பது அவர் கொள்கை. அதைப் புத்தகமாக எழுதினார். பல கல்லூரிகளில் அது பாடமானது. தன் வீட்டையும் கதவில்லாமலேயே கட்டினார். கீழே அவருடைய ஆபீஸுக்கு மட்டும் கனமான கதவு இருந்தது. ஆபீஸ் வீடாகாதாம். அவர் குளிப்பதும் அங்கேதான்.

அக்கா மல்லுக்கட்டி மாடிக் குளியலறைக்கு ஒரு கதவு போட வைத்தாள்.

வீட்டைப் பார்க்க மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அக்கா வெங்காயம் நறுக்குவதைக்கூடப் படமெடுப்பார்கள். அவளும் சிரித்த முகமாக நறுக்குவாள். குளிக்கப் போனால் மட்டும் லேசில் வெளியே வரமாட்டாள். "உங்கக்கா உள்ளயே குடித்தனம் நடத்துறா" என்று மாமா வந்தவர்கள் முன்னால் என்னிடம் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள்.

போன மாதம் அக்கா இறந்துபோனாள். அவள் சாமான்களை எடுத்து வைக்க மாமாவும் நானும் அந்தக் குளியலறைக்குள் போனோம். கதவுக்குப் பின்னால், தண்ணீர் தெறிக்காத மூலையில், ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. பக்கத்துப் பலகையில் மூக்குக் கண்ணாடி, பாதி படித்த நாவல், எங்கள் அம்மாவின் படம்.

"இங்க உக்காந்து என்ன பண்ணுவா?" என்றார் மாமா.

"சும்மா இருந்திருப்பா மாமா. வேற எங்க போவா?" என்றேன்.

மாமா மெல்ல அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வெளியே வரத் திரும்பியபோது, "கதவைச் சாத்திட்டுப் போப்பா" என்றார்.