தெருப் பெயருக்கு இடமில்லை

இத்தாலியின் பலேர்மோவில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வறையைத் துடைக்க ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வருவார். ஒல்லியான உடல், முழங்கை வரை மடித்த நீலச் சட்டை. அறையில் யாருமே இல்லாவிட்டாலும் வாசலில் நின்று "பெர்மெஸ்ஸோ" என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்.

அன்று நான் கொதித்துக்கொண்டிருந்தேன். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று நானே கதவு கதவாகத் தட்டி விபரம் எடுத்திருந்தேன். அதை ஒரு பெரிய வரைபடத்துக்குள் பல சின்ன வரைபடங்களாக அடுக்க வேண்டும். கணினியில் கோட் எழுதிப் படம் வரையும் அந்தப் பாழாய்ப்போன மென்பொருள் லைப்ரரியில், வெளியே பெரிய படத்தில் இடைவெளியைக் கூட்டினால் உள்ளே சின்னப் படங்களில் எதுவும் அசையாது. உள்ளே கூட்டினால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மூன்று நாள் அந்த இழவோடு மாரடித்துவிட்டுத் தெருப் பெயர்களையே அழித்துத் தொலைத்தேன்.

பின்னால் துடைத்துக்கொண்டிருந்தவர் திரையைப் பார்த்தார்.

"தம்பி, நேற்று இருந்த எங்கடை தெருவின்ரை பேர் எங்கை?"

"இடம் காணாது அண்ணை."

"நாங்கள் ஏழு பேர் ஒரு அறைக்கை கிடக்கிறம். உமக்கு ஒரு பேர் எழுத இடம் காணாதோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்களுக்கு இது விளங்காது" என்றேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

படம் பெயர்கள் இல்லாமலே அச்சானது. இடைவெளி அழகாக இருக்கிறது என்று பேராசிரியை பாராட்டினார்.

அந்த அண்ணை இப்போதும் துடைக்க வருகிறார். அனுமதி மட்டும் கேட்பதில்லை. அவருடைய தெருவில் விபரம் எடுக்கப் போனபோது, ஒரு வாசலிலாவது நான் அனுமதி கேட்டேனா என்று யோசிக்கிறேன். ஞாபகம் வரவில்லை.