இணைந்திருந்த இன்னொருவர்

காலை ஆறு பத்துக்கு எழுந்தேன். பால் பொங்கி வழிந்தது, துடைத்தேன். மகளின் சாக்ஸில் ஒன்று கிடைக்கவில்லை. வேறு நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தேன். ஆறு நாற்பதுக்கு அவளை எழுப்பினேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் தூக்கக் கலக்கத்தில் இல்லை. குடிக்கிற பழக்கமும் கிடையாது. வெளியே நல்ல வெயில். இது போன புதன்கிழமை நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்குப் போகும் முன் இருபது நிமிடம் கணினியில் விளையாடுவாள். கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு. அதில் குளத்தங்கரையில் ஒரு மஞ்சள் வீடு உண்டு. என் மனைவி கட்டியது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் சுவர் எழுப்புவாள். இங்கிருந்து மகள் ஜன்னல் வைப்பாள். மனைவி போய் ஏழு மாதம் ஆகிறது. வீடு இருக்கிறது. தினமும் அங்கே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மகள் பள்ளிக்குக் கிளம்புவாள்.

அந்த உலகம் எங்கள் மேசைக்கு அடியில், பேட்டரியோடு சேர்ந்த ஒரு சின்னக் கணினியில் ஓடுகிறது. அதற்குள் கண்டெய்னர் என்று ஒரு மூடிய பெட்டி; பெட்டிக்குள் விளையாட்டு. மனைவி அவசரத்தில் தொடங்கி வைத்தது. நிறுத்தினால் பெட்டியோடு எல்லாம் அழிந்துபோகும் வகை. பிரதி எடுத்துத் தருகிறேன் என்று மச்சினன் ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் பெருக்கும்போதுகூட அந்த ஒயரைத் தொடுவதில்லை.

6:58. "அப்பா, உள்ள போக முடியல."

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மச்சினனை அழைத்தேன். அவனுக்குக் கணினி வேலை. நான் நிலம் அளப்பவன்.

"டெர்மினலத் திறங்க மாமா. கறுப்பா ஒரு ஜன்னல் வரும். ஓடுற பெட்டியோட நேரா சேர்ந்துக்கலாம். நான் சொல்றத அப்படியே அடிங்க."

"மெதுவா சொல்லு. உங்க அக்கா மாதிரி ரயில் ஓட்டாத."

சொன்னான். அடித்தேன். 7:04. சேர்ந்துவிட்டது. கறுப்புத் திரையில் ஏதோ பிழைச் செய்தி வரிவரியாக ஓடி நின்றது.

அதன் கீழே ஒரு எழுத்து வந்தது.

நான் எதையும் தொடவில்லை. எஸ்... ஏ... வி... நின்றது. பிறகு ஒவ்வொன்றாக அழிந்தது.

"நீயா அடிக்கிற?"

"என் கையில டூத்பிரஷ்தான் இருக்கு மாமா."

"எழுத்து வருதுடா."

"இப்படிச் சேர்ந்தா எல்லாருக்கும் ஒரே திரைதான். வேற யாராவது சேர்ந்திருந்தா அவங்க அடிக்கிறது உங்களுக்கும் தெரியும். அக்கா லேப்டாப் ஆன்ல இருக்கா?"

அலமாரியைப் பார்த்தேன். மேல்தட்டில், உறைக்குள் இருந்தது. ஏழு மாதமாகச் சார்ஜ் போடவில்லை.

"இல்ல."

போனில் அவன் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

"சரி... திரையில இருக்கறதக் காப்பி பண்ணி எனக்கு அனுப்புங்க."

7:09. மறுபடி மூன்று எழுத்து. ஒரு நிறுத்தம். அழிப்பு. என் மனைவியும் அப்படித்தான் அடிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்.

7:11. இடது கையில் போன். வலது கையில் மவுஸ். வரிகளைத் தேர்ந்தெடுத்தேன்.

டக்... டக்... டக்... டக்.

மகள் ஷூவைத் தரையில் தட்டுகிறாள் என்று நினைத்தேன்.

திரையில் புதிதாக ஒரு வரி.

போனைக் கீழே வைத்தேன். காப்பி எடுக்கக் கண்ட்ரோல் சி அழுத்தினேன்.

ஒன்றும் ஆகவில்லை.

7:12. வாசலிலிருந்து ஓடி வந்த மகள் விளையாட்டைப் பார்த்தாள். "அப்பா, திறந்துடுச்சு."

மத்தியானம் மச்சினன் வந்தான். முதல் வேலையாகப் பிரதி எடுத்தான். பிறகு, நான் மூடாமல் விட்டிருந்த கறுப்பு ஜன்னலைப் பார்த்தான்.

"நல்லவேளை, பெட்டிய விட்டு வெளிய வந்துட்டுக் கண்ட்ரோல் சி அழுத்தியிருக்கீங்க. இங்க அது காப்பி இல்ல மாமா, நிறுத்துறது. உள்ள இருந்து அழுத்தியிருந்தா வீடு போயிருக்கும். சொல்ல மறந்துட்டேன், என் தப்பு."

"நான் வெளிய வரல."

அந்தப் புது வரியை விரலால் தொட்டுக் காட்டினான். "வந்திருக்கீங்க. அதுக்கு வரிசையா நாலு கீ அழுத்தணும். யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. அந்தப் பக்கம் சேர்ந்திருந்தவங்க அழுத்தியிருப்பாங்க."

"அவங்க அழுத்தினா அவங்கதான் வெளிய போவாங்க மாமா. உங்கள வெளிய எடுக்கணும்னா..." கீபோர்டைப் பார்த்தான். கை வைக்கவில்லை. "இதுலதான் அழுத்தணும்."

இடது கையில் போன். வலது கையில் மவுஸ்.

அந்த டக் டக் கேட்டபோது மகள் வாசலில் இருந்தாள்.

மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதாகச் சொல்லி வைத்தேன். அது பொய். கடைசி நாள் அவள் போர்வையைச் சரிசெய்கிறேன் என்று, கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயைத் தெரியாமல் பிடித்து இழுத்துவிட இருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"கைய எடு. நான் பாத்துக்கறேன்."