கோட்டை பார்க்கப் போன சுலோஜனா

சித்தாண்டியில் சுலோஜனா டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்திரண்டு வருடமாக வரலாறு படிப்பிக்கிறாள். போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பிடித்தது என்று எல்லாக் கோட்டைகளையும் கரும்பலகையில் கீறிக் காட்டுவாள். ஆனால் கண்ணால் கண்டது மட்டக்களப்புக் கோட்டை ஒன்றைத்தான். அதுவும் அதற்குள் இருக்கும் அரச கச்சேரிக்கு அலுவலாகப் போனபோது, கையில் பைலோடு.

கணவன் கோணாமலை நெல் லொறியின் மேலிருந்து தவறி விழுந்து ஆறு வருடம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும். தவறினால் தோல் புண்ணாகிவிடும். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அவனுடைய அக்கா கண்ணகை பார்த்துக்கொள்வாள். மிச்ச நேரமெல்லாம் சுலோஜனா. அவனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதற்கென்றே பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, நாற்பத்தைந்து வயதில் ஓட்டப் பழகினாள்.

ஆகஸ்ட் விடுமுறை தொடங்குகிற நேரம் ஏறாவூரிலிருந்து ஸில்மியா வந்தாள். ஆசிரியர் கலாசாலையில் கூடப் படித்தவள். திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார் என்று கரையோரக் கோட்டைகளைப் பார்த்து வருவோம், ஐந்து நாள் போதும் என்றாள். சுலோஜனா மறுத்துவிட்டாள். உள்ளே படுத்திருந்த கோணாமலைதான் குரல் கொடுத்தான்.

“போயிற்று வா சுலோ. அக்கா இருக்கா தானே.”

“அஞ்சு நாள் உங்கள விட்டுட்டா?”

“நான் எங்க ஓடவா போறன்?”

அக்கம்பக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கருத்தரங்கு என்று சொல்லி வைத்தாள். புருஷன் படுக்கையில் கிடக்க ஊர் சுற்றப் போகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கார் மாங்கேணியைத் தாண்டும்போது ஸில்மியாவிடம் இதைச் சொன்னாள்.

“நீ களவா எடுத்துட்டுப் போறாய்? லீவுதானே புள்ள,” என்றாள் ஸில்மியா.

திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் நிழலில் படுத்திருந்தன. சுலோஜனா அவற்றைப் பார்த்ததைவிடத் தொலைபேசியைப் பார்த்ததே கூடுதல். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அலாரம் அடிக்கும். உடனே வீட்டுக்குப் பேசுவாள். கண்ணகை ஒரே பதிலைத்தான் சொன்னாள்: “சுகமாக் கிடக்கிறான் மச்சாள். நீங்க பாருங்க.”

மூன்றாம் நாள் பின்னேரம் யாழ்ப்பாணக் கோட்டை. முருகைக்கல் மதிலின் மேல் ஏறி நின்றதும் கடற்காற்று சேலைத் தலைப்பை இழுத்தது. அகழி எங்கே தொடங்கி எங்கே வளைகிறது, பீரங்கி எந்தத் திசையைப் பார்த்து நின்றிருக்கும் என்று ஸில்மியாவுக்குச் சொல்லத் தொடங்கினாள். சுற்றிப் பார்க்க வந்த வேறு ஒரு குடும்பமும் நின்று கேட்டது. கேள்விகள் வந்தன. நாலு மணிக்கு அலாரம் அடித்தபோது பேச்சைக்கூட நிறுத்தாமல் விரலால் அதை அமத்தினாள். ஆறு மணிக்கும் அப்படியே.

வெயில் முழுக்கத் தணிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பேச மறந்தது ஒரு பக்கம். நாலு மணித்தியாலம் கோணாமலை என்று ஒரு மனுஷன் இருப்பதே அவள் நினைவில் இருக்கவில்லை. அந்த நாலு மணித்தியாலமும் அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். மதிலோரம் ஒதுங்கி நின்று வீட்டுக்குப் பேசினாள்; கண்ணகை அதே பதிலைத்தான் சொன்னாள்.

மறுநாள் மன்னார்க் கோட்டையில் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. வழியில் கழுதைகள் குறுக்கே நின்றதற்கு ஹோர்ன் அடித்தாள். “திரும்புவமா?” என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்த ஸில்மியா தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பையைக் கட்டினாள்.

ஒரு நாள் முந்தி வந்தவளைக் கண்டதும் கண்ணகை வாசலிலேயே தடுமாறினாள். சுலோஜனா நேரே உள்ளே போய் அவனைப் புரட்டினாள். வலது இடுப்பில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குத் தோல் உரிந்து கிடந்தது.

“ரெண்டாம் நாளே சிவந்திட்டு மச்சாள். ராவையில நான் அயந்து நித்திரையாப் போனன்,” என்று கண்ணகை அழுதாள். “சொன்னா நீங்க திரும்பி வந்திருவீங்க எண்டு, தம்பி என்னட்டச் சத்தியம் வாங்கிட்டான்.”

சுலோஜனா மருந்து வைத்துக் கட்டினாள். பிறகு கட்டிலோரம் இருந்துகொண்டு, யாழ்ப்பாணத்தில் அவனை மறந்துபோனதைச் சொன்னாள். அவன் கோபிப்பான், அல்லது பரவாயில்லை என்பான் என்று நினைத்தாள்.

“நானும் ஒண்டு சொல்லுவன், கோவிக்காத,” என்றான் கோணாமலை. “நீ இல்லாத நாள் எனக்கும் லேசாத்தான் இருந்திச்சு. ஒவ்வொரு தரம் புரட்டக்குள்ளயும் நீதான் என்ன லொறியில இருந்து தள்ளி விட்ட மாதிரி உன்ட முகம் கிடக்கும். அதப் பாக்கேலாம நான் கண்ண மூடிக் கிடக்கிற.”

அவளுக்கு அது சுருக்கென்று பட்டது. எழுந்து குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினாள். ஆறு வருடம் அன்பாகச் செய்ததாக நினைத்தது அவனுக்குப் பாரமாக இருந்திருக்கிறது என்பது பழைய குற்ற உணர்வுக்கு மேல் இன்னொன்றாக வந்து ஏறியது.

புண் ஆறப் பதினொரு கிழமை எடுத்தது. ஒவ்வொரு நாளும் அவளே துடைத்துக் கட்டினாள். ஆறிய இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. உடம்பு துடைக்கும்போது கை அதில் பட்டால் இன்றைக்கும் மனம் குறுகும்.

ஆனாலும் டிசம்பர் விடுமுறைக்கு முந்திய கிழமை, கண்ணகையோடு நின்று உதவ ஓர் ஆளைப் பேசிவிட்டு, கோணாமலையிடம் அவளே போய்க் கேட்டாள்.

“ஸில்மியா காலிக் கோட்டைக்குப் போவம் எண்டுறாள். நான் போகட்டா?”