உப்பில்லாத சூப்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் திரேஸ்புரத்துத் தெருவே சொல்லும். சொல்லட்டும். அந்தத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை கோபப்படாமல் இருக்க நான் என்ன சிலையா?

என் கணவருக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. விடுமுறை முடிந்து கப்பலேற மெடிக்கல் செக்கப்புக்குப் போனபோது பிரஷர் கூடுதலாக இருந்தது. "உப்பைக் குறைச்சு மூணு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் குறையலன்னா இந்தக் கப்பல் கிடையாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றே அப்பளம், ஊறுகாயெல்லாம் பரணுக்குப் போயின. சுற்றிலும் உப்பளம் உள்ள ஊரில் உப்பைக் கிள்ளிப் போட்டுச் சமைத்தேன்.

இவரோ பகலெல்லாம் ஒருசந்தி விரதம் இருந்துவிட்டு, சிலுவைப்பாதை முடிந்து வரும்போது கையில் சைனீஸ் ஓட்டல் பார்சலோடு வந்தார். பிரித்தால் கோபி மஞ்சூரியன், எண்ணெய் சொட்டச் சொட்ட.

"ஏளா, இதுல கறியா இருக்கு, மீனா இருக்கு? காலிப்பூதானே. சுத்தபோசனத்துக்கு என்ன குறை?"

"ஆண்டவர் மன்னிப்பாரு. பிரஷர் மன்னிக்குமா?"

பொட்டலத்தோடு குப்பையில் கொட்டினேன். கோபியைத் தொடுவதில்லை என்று சிலுவைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஓட்டல் ருசி வேண்டுமானால் பொரிக்காததாக நானே வாங்கித் தருகிறேன் என்றேன்.

அதே ஓட்டல் மாஸ்டரிடம் கறாராகச் சொன்னேன். காய்கறி சூப், உப்பே போடக்கூடாது.

"ஒரு சிட்டிகைகூடப் போட மாட்டேங்க்கா" என்றான்.

உடம்புக்கு நல்லதாயிற்றே என்று தினமும் வாங்கினேன். எனக்குச் சூப் பிடிக்காது, அதனால் அவருக்கு மட்டும். "எனக்கும் பிடிக்கலளா" என்பார். முறைத்தால் குடித்துவிடுவார்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பிரஷர் முன்னைவிட அதிகம். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

"சிலுவைமேல சத்தியம் பண்ணிட்டுக் கள்ளத்தனமா தின்னுருக்கீங்க! கப்பல் போச்சே!"

"நான் தொடலளா" என்று மட்டும் சொன்னார். யார் நம்புவது? அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே ஓட்டலுக்குப் போனேன்.

"எத்தனை நாள் அவருக்குக் கோபி குடுத்த? உண்மையச் சொல்லு!"

மாஸ்டர் மிரண்டுபோனான். "அண்ணன் இந்தப் பக்கமே வரலக்கா. நீங்கதான் தினமும் வாரீங்க." சொல்லிக்கொண்டே, எனக்கென்று கொதித்துக்கொண்டிருந்த சூப்பில் ஒரு கரண்டி கறுப்புச் சாஸை ஊற்றினான்.

"அதென்ன?"

"சோயா சாஸ். நீங்க உப்பு வேண்டாம்னு சொன்னீங்கள்லா, உங்களுக்கு மட்டும் ரெண்டு கரண்டி கூட ஊத்துதேன். சப்புன்னு இருந்தா அண்ணன் எப்படிக் குடிப்பாரு?"

உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கினேன். கடல் தண்ணீர் தோற்றது. ஒரே ஒரு நாள் நான் ருசி பார்த்திருக்கக் கூடாதா? அவனை அறையலாம் போலிருந்தது. அவன் சொன்ன சொல் மாறவில்லை, உப்புப் போடவே இல்லை. மடச்சி நான்தான்.

வீட்டில் அவர் கப்பலுக்குக் கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, சட்டைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வெறுங்கையோடு வாசலில் நிற்பதைப் பார்த்தார்.

"என்னளா, இன்னைக்குச் சூப்பு வாங்கலயா? கோவப்படாத, குடிச்சிருதேன்."