தேசிக்காய் வைத்திருந்த வான்காரர்

ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்கே போவது என்று வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒரு கிழமையாகச் சண்டை. மனைவியும் பிள்ளைகள் இருவரும் மலையேறி நுவரெலியா போகலாம் என்றார்கள். நான் திருகோணமலை என்றேன். கோயில், கடல், வெந்நீர்க் கிணறு, சரித்திரம் என்று பிள்ளைகளுக்குப் பிரசங்கமே செய்தேன்.

பயணத்துக்கு வான் வாடகை பேச வந்தார் கொட்டாஞ்சேனை வான்காரர். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை; அதன் பையில் ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை. பேச்சுக்கு நடுவே அதை எடுத்து முகர்ந்துவிட்டுத் திரும்ப வைப்பார். இரண்டு கட்சி வாதங்களையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வீட்டில ஆர் வான்ல சத்தி எடுக்கிறது?”

வாந்திப் பேச்சு வந்ததுமே சின்னவள் என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அப்பா! கண்டிக்குப் போகேக்க ரெண்டு தரம் எடுத்தவர்.”

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஓ! வளைவில்லாத றோட்டாப் பாத்துத்தான் திருகோணமலையோ?”

வான்காரர் சிரிக்கவில்லை. “வெக்கப்படாதேங்கோ ஐயா. நானும் அப்பிடித்தான். பின்சீட்டில இருந்தா எனக்குச் சத்தி வரும், ஓட்டினா வராது. அதுக்காகத்தான் ஓட்டப் பழகினனான். நீங்கள் முன்னுக்கு, எனக்குப் பக்கத்தில இருங்கோ.”

நுவரெலியாவுக்கே போனோம். மலை வளைவுகளில் அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் தேசிக்காயை எடுத்தார். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவரோ தானே ஆழமாக முகர்ந்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

ஓட்டுகிறவருக்கு வராது என்றால் அந்தத் தேசிக்காய் எதற்கு? கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் வாயைத் திறக்கிற நிலைமையில் நான் இல்லை.