கன்பூசியஸும் காட்டெருமையும்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பஸ் நடுவழியில் நிற்கிறது. ரோட்டின் குறுக்கே ஒரு காட்டெருமை. அதுவாக நகரட்டும் என்று டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பக்கத்து சீட்டில் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. என் மடியிலிருக்கும் தடிப் புத்தகத்தையே பார்க்கிறார்.

"ஏனுங்க, பரீட்சைங்களா?"

"இல்லைங்க. சீனா, கொரியாவெல்லாம் எப்படி முன்னேறுச்சுன்னு எழுதியிருக்காங்க. கன்பூசியஸ்னு பழைய காலத்து சீனப் பெரியவர் ஒருத்தர். மேல இருக்கறவங்க பேச்சைக் கேளு, கஷ்டப்பட்டு உழை, புள்ளைங்கள படிக்க வைன்னு சொன்னாராம். அதைக் கேட்டுத்தான் முன்னேறினாங்களாம்."

அக்கா சிரிக்கிறார். கொழுந்துக் கறை ஏறிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறார்.

"மேஸ்திரி பேச்சைக் கேக்கறனுங்க. முப்பது வருசமா மழையிலயும் பனியிலயும் பறிக்கறனுங்க. மகள நர்சிங் படிக்க வெச்சனுங்க. இன்னும் எஸ்டேட்டுல குடுத்த அதே ஒழுகற லைன் ஊடுதானுங்க."

நான் புத்தகத்தை மூடப் போகிறேன். அவரே தேற்றுகிறார்.

"அந்தப் பெரியவரு எஸ்டேட் துரைமாருக்கும் ஏதாச்சும் சொல்லியிருப்பாருங்க. அதைப் பாருங்க."

காட்டெருமை ஒருவழியாகத் தேயிலைக்குள் இறங்குகிறது, பஸ் கிளம்புகிறது. பொருளடக்கத்தில் விரலை ஓட்டுகிறேன். தொழிலாளி எப்படி இருக்க வேண்டும் என்று நாலு அத்தியாயம். துரைக்கு ஒரு பக்கம்கூட இல்லை.